பேரிடரும் பெருமாள் திருவுள்ளமும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உற்சவ காலத்தில் எம்பெருமானைச் சேவிக்க வரும் ஆஸ்திகப் பெருமக்கள் ஒவ்வொருவரும் நெஞ்சில் ஒரு விண்ணப்பத்தைச் சுமந்தே சந்நிதிக்கு வருகின்றனர். மகளுக்கு மணம் கூட வேண்டும் என்பார் ஒருவர். பற்றிய நோய் தீர வேண்டும் என்பார் மற்றொருவர். விண்ணப்பமாக வெளிப்படாத வினா ஒன்றைச் சுமந்து வருவோரும் உளர். கடல் பொங்கி ஊரை விழுங்கிய நாளில் உற்றாரை இழந்தவர், ஆறு கரைபுரண்டு விளைநிலத்தை மணல்மேடாக்கிய ஆண்டில் உடைமை இழந்தவர், நிலம் நடுங்கி வீடு சரிந்தபோது பெற்ற மக்களைப் பறிகொடுத்தவர் ஆகிய இவர்கள், பெருமாள் திருமுகத்தை நோக்கி வாய்திறவாமல் கேட்பது ஒன்றே: "அடியோங்கள் செய்த பிழை யாது?"

அருகில் நிற்போர் சிலர் இதற்கு விரைந்து விடை கூறிவிடுகின்றனர். "அவ்வூரில் பாவம் மிகுந்தது, தெய்வம் தண்டித்தது" என்பது அவ்விடை. வேறு சிலரோ, "இயற்கைக்குக் கண் இல்லை, தெய்வத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை" என்று கைவிரித்து விடுகின்றனர். இவ்விரு விடைகளும் சாஸ்திரத்திற்குப் பொருந்துமா, பாகவத தர்மத்திற்கு ஒத்ததாகுமா என்று ஆராய்ந்து பார்ப்பது, பெருமாள் சந்நிதியில் கூடியிருக்கும் அடியார்களுக்கு உரியதொரு காரியமேயாகும்.

தனுஷ்கோடியில் நிகழ்ந்தது

சேது ஸ்நானம் செய்து வந்த யாத்ரிகர்கள் தனுஷ்கோடியை நன்கு அறிவர். மகோததியும் ரத்நாகரமும் கூடும் புண்ணிய பூமி அது. ஒரு காலத்தில் சென்னையிலிருந்து புறப்படும் போட் மெயில் வண்டி அவ்வூர் வரையில் சென்றது. அங்கே கப்பலேறித் தலைமன்னாரில் இறங்குவது வழக்கமாயிருந்தது. ரயில் நிலையம், சுங்கச் சாவடி, தபால் நிலையம், பள்ளிக்கூடம், கோயில், மாதா கோயில், மீனவர் குடியிருப்பு என அனைத்தும் நிறைந்து விளங்கிய ஊர் அது.

1964-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் தெற்கு அந்தமான் கடலில் தோன்றிய காற்றழுத்தத் தாழ்வு நாளுக்கு நாள் வலுப்பெற்றுப் பெரும்புயலாக மாறியது. இலங்கையின் வடபகுதியைச் சிதைத்துவிட்டு, 22-ஆம் தேதி நள்ளிரவில் அது தனுஷ்கோடியைத் தாக்கியது. 20 அடிக்கும் மேல் உயர்ந்த அலைகள் ஊருக்குள் புகுந்தன. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணி வண்டி, ஊரை அடையும் முன்பே கடலுக்கு இரையாயிற்று. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் மீளவில்லை. அப்புயலில் மாண்டவர் 1,800 பேருக்குக் குறையார் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. அதன்பின் அவ்வூர் மக்கள் வாழத் தகுதியற்றது என்று அரசாங்கம் அறிவித்தது. பாம்பன் பாலம் 46 நாட்களில் செப்பனிடப்பட்டு ராமேசுவரத்திற்கு வண்டி மீண்டும் ஓடிற்று. தனுஷ்கோடிக்கோ அதன்பின் ரயில் ஓடவேயில்லை. மணலில் புதைந்த தண்டவாளமும் கூரையிழந்த சுவர்களுமே எஞ்சின.

அது மார்கழி மாதம். ஊர்தோறும் விடியற்காலையில் திருப்பாவை சேவிக்கும் காலம். நாட்டிற்குக் கேடு விளைக்காத மழையைப் பெய்விக்குமாறு வருணனை வேண்டும் ஆண்டாளின் பாசுரம் அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் ஆலயங்களில் ஒலித்திருந்தது.

ராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடி செல்லும் வழியில், கடலோரத்தில், கோதண்டராமர் திருக்கோயில் ஒன்று உண்டு. விபீஷணாழ்வான் பெருமாள் திருவடிகளில் சரணம் புகுந்த இடம் அதுவே என்பது ஐதிஹ்யம். சுற்றுப்புறம் அழிந்த அந்தப் பேரிரவில் அக்கோயில் அழியாது நின்றது. அதைக் கண்டு மெய்சிலிர்ப்பவர் பலர். ஆயினும் குடும்பத்தைக் கடலுக்குக் கொடுத்தவர் ஒருவர் அதே கோயிலைக் காணின் அவர் நெஞ்சில் எழுவது வேறொரு வினா: "கல்லைக் காத்த கை, கைக்குழந்தையைக் காவாதது ஏன்?"

இவ்வினாவைக் கேட்பவரை நாஸ்திகர் என்று ஒதுக்குவது தகாது. தெய்வம் இல்லை என்பவன் எவரை நோக்கி அழுவான்? உண்டு என்றும், கருணை உடையது என்றும் உறுதிகொண்டவனே சந்நிதியில் நின்று இப்படிக் கேட்க முடியும். ஆதலின் இவ்வினாவுக்குச் சாஸ்திரம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பொறுமையுடன் நோக்க வேண்டும்.

முன்னோர் வகுத்த முறை

மனிதனை வருத்தும் தாபங்களை ஆத்யாத்மிகம், ஆதிபௌதிகம், ஆதிதைவிகம் என மூன்றாகப் பிரித்தனர் பெரியோர். உடலிலும் மனத்திலும் எழும் நோய்கள் முதல் வகை. விலங்கு, பகைவர் முதலிய பிற உயிர்களால் வருபவை இரண்டாம் வகை. காற்று, மழை, வெயில், இடி முதலியவற்றால் வருபவை மூன்றாம் வகை. புயல், பெருவெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், ஆழிப்பேரலை, மலைச்சரிவு என இந்நாளில் இயற்கைப் பேரிடர் என்று கூறப்படுபவை அனைத்தும் ஆதிதைவிகத்துள் அடங்கும்.

இவற்றின் காரணத்தை ஆராய்வதிலும் முன்னோர் சோம்பியிருந்தாரல்லர். ஆறாம் நூற்றாண்டினரான வராஹமிஹிரர் தம் பிருஹத் ஸம்ஹிதையில் பூகம்பத்திற்கென்றே தனி அத்தியாயம் வகுத்தார். நீருள் வாழும் பேருயிர்களால் நிகழ்வது என்பார் சிலர், பூமியைத் தாங்கும் திக்கஜங்கள் இளைப்பாறுவதால் என்பார் சிலர், காற்றோடு காற்று மோதுவதால் என்பார் சிலர், அத்ருஷ்டத்தால் என்பார் சிலர் என்று பலர் கொள்கைகளையும் அவர் எடுத்துரைக்கிறார். ஒரே விடையைச் சொல்லி வாயடைக்கும் வழக்கம் அக்காலத்து அறிஞரிடம் இல்லை என்பது இதனால் விளங்கும். பூமியின் மேலோடு பெரும்பாளங்களாகப் பிளவுபட்டிருப்பதும், அவை நகர்ந்து ஒன்றையொன்று நெருக்குமிடத்தில் நிலம் நடுங்குவதும் இந்நாளில் தெளிந்த செய்தி. வெதுவெதுப்பான கடலிலிருந்து எழும் நீராவியே புயலுக்கு ஊட்டம் என்பதும், வங்கக் கடலின் வடபகுதி ஆழம் குறைந்து குவிந்திருப்பதால் அலை அங்கே உயர்ந்து எழும் என்பதும் அவ்வாறே. பஞ்சபூதங்கள் தத்தம் நியதிப்படி இயங்குகின்றன. அந்நியதியும் எம்பெருமான் சங்கல்பமே. ஆகவே காரணத்தை ஆராய்ந்து அறிவது தெய்வ நிந்தையன்று. அவன் படைப்பை உற்றுநோக்குவதேயாகும்.

காரணத்தை விடக் கடமையைப் பெரிதாக எண்ணியது நம் அர்த்த சாஸ்திரம். தெய்வத்தால் வரும் பெரும்பயங்கள் நெருப்பு, நீர், நோய், பஞ்சம், எலி, கொடுவிலங்கு, பாம்பு, அரக்கர் என எட்டு என்று கௌடில்யர் கணக்கிடுகிறார். அங்கே வெள்ளத்தைப் பற்றி அவர் விதிப்பது சிந்திக்கத் தக்கது. மழைக்காலத்தில் ஆற்றோரச் சிற்றூரார் வெள்ளம் எட்டும் எல்லையை விட்டு விலகி வசிக்க வேண்டும். கட்டை, மூங்கில், ஓடம் இவற்றைச் சேமித்து வைத்திருக்க வேண்டும். வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படுபவனைச் சுரைக்குடுக்கை, தோற்பை, தெப்பம் முதலியன கொண்டு கரையேற்ற வேண்டும். காப்பாற்ற முன்வராதவனுக்குப் பன்னிரண்டு பணம் தண்டம். தெப்பம் இல்லாதவனுக்கு மட்டும் விலக்கு.

அதே இடத்தில் நதிகளுக்குப் பூஜை செய்ய வேண்டும் என்றும், பெருமழை ஓய மந்திரம் அறிந்தவர் ஜபிக்க வேண்டும் என்றும் அவர் கூறுகிறார். பூஜை இருப்பதால் ஓடம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஓடம் இருப்பதால் பூஜை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மேலும், நீரில் தத்தளிப்பவன் எந்தப் பாவத்தால் அதில் விழுந்தான் என்று விசாரித்தபின் கைகொடுக்குமாறு ஒரு சொல்லும் அங்கே இல்லை. சாஸ்திரம் தண்டம் விதிப்பது வெள்ளத்தில் விழுந்தவனுக்கு அன்று. கரையில் வாளா நின்றவனுக்கே.

காணாததைக் கண்டதாகச் சொல்லலாமோ?

உலகில் இன்ப துன்பங்கள் சமமாக இல்லை. இதனால் சர்வேச்வரனுக்குப் பட்சபாதமும் இரக்கமின்மையும் உண்டாகாவோ என்ற வினாவைப் பிரம்ம சூத்திரம் தானே எழுப்பிக்கொள்கிறது. ஜீவர்களின் கர்மத்தை அநுசரித்தே படைப்பு நிகழ்வதால் அக்குற்றம் அவனைச் சாராது என்பது அதன் விடை. ஸ்ரீபாஷ்யத்தில் எம்பெருமானார் இதனையே நிலைநாட்டியருளினார்.

இவ்விடையின் பயன் யாது என்பதை ஊன்றி நோக்க வேண்டும். எம்பெருமான் மேல் விழும் பழியைத் துடைக்க வந்தது அச்சூத்திரம். அண்டை வீட்டான் மேல் பழி சுமத்த வந்ததன்று. பாவ புண்ணியப் பயனுக்கு 'அத்ருஷ்டம்' என்று பெயர். காணப்படாதது என்பது அச்சொல்லின் பொருள். காணப்படாதது என்று பெயர் சூட்டிவிட்டு, "இவ்வூரார் செய்த இன்ன பாவத்தால் இது வந்தது" என்று கண்ணால் கண்டவன் போல் உரைப்பது சொல்லுக்கே முரணாகும். துன்பம் பாவத்தின் முத்திரை என்று கொண்டால், பதினான்கு ஆண்டு கானகத்தில் திரிந்த சக்கரவர்த்தித் திருமகனை என்னென்பது? அசோகவனத்தில் இருந்த பிராட்டியை என்னென்பது? ஊர் முழுவதும் ஓரிரவில் மாண்டது என்பது, ஊர் முழுவதும் ஒரே பாவம் செய்தது என்பதற்குச் சான்றாகாது.

இவ்விசாரம் நம் நாட்டில் பெரியோர் இருவரிடையே வெளிப்படையாகவே நிகழ்ந்ததுண்டு. 1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி பீஹாரில் நேர்ந்த பூகம்பத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அச்சமயம் ஹரிஜன யாத்திரையாகத் தமிழ்நாட்டில் பயணம் செய்துகொண்டிருந்த காந்தியடிகள், தீண்டாமைப் பாவத்திற்குத் தெய்வம் அளித்த தண்டனையாகவே இதனைத் தாம் கருதுவதாகத் திருநெல்வேலியில் பேசினார். தீண்டாமையை ஒழிக்க வேண்டும் என்பதில் அவரோடு முற்றும் உடன்பட்டவரான கவி ரவீந்திரநாத தாகூர், இக்கூற்றை மட்டும் ஏற்கவில்லை. பௌதிக நிகழ்ச்சிக்குப் பௌதிகக் காரணமே உண்டு என்றும், அக்கொடுமையைச் செய்வோர் வேறிடத்தில் நலமாக வாழ, ஏழைகளும் தீண்டாமைக்கு ஆளானவர்களும் அடங்கிய ஒரு நாட்டுப்புறத்தைத் தெய்வம் தண்டித்தது என்பது நியாயமாகாது என்றும் அவர் மறுத்தெழுதினார். அம்மறுப்பைக் காந்தியடிகள் தம் ஹரிஜன் பத்திரிகையில் வெளியிட்டு, தம் கருத்தையும் கைவிடாமல் பதில் எழுதினார்.

இருவரும் மகான்களே. ஆயினும் இதில் நுட்பமான வேறுபாடு ஒன்று உண்டு. தன் காலில் முள் தைத்தபோது, "இது என் பிழையின் பயன்" என்று ஒருவன் கொள்வானாயின் அது அவனைத் திருத்தும். பிறன் காலில் முள் தைத்தபோது, "இது உன் பிழையின் பயன்" என்று சொல்வானாயின் அது முள்ளின் மேல் மற்றொரு முள்ளாகும். கர்மத்தைப் பற்றிய உபதேசம் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் மருந்து. பிறர்க்கு ஊட்டினால் விஷம். தாகூரின் மறுப்பில் அடங்கிய உண்மை, துன்புற்றவர் மேல் பழி ஏற்றலாகாது என்பதே. காந்தியடிகளும் பழி கூறுவதோடு நின்றுவிடவில்லை. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் பீஹாருக்கே சென்று, ராஜேந்திர பிரசாத் நடத்திவந்த நிவாரணப் பணியில் கலந்துகொண்டார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நம் ஆசார்யர்கள் இதற்கு உரைகல் ஒன்றை விட்டுச் சென்றுள்ளனர். நஞ்சீயர் அருளிச்செய்ததாகப் பெரியோர் வழங்கும் வார்த்தை அது. தன்னிடம் வைஷ்ணவத்வம் உண்டா இல்லையா என்பதை ஒருவன் பிறரைக் கேட்டறிய வேண்டுவதில்லை. பிறர் படும் துன்பத்தைக் கண்டவுடன் நெஞ்சில் 'ஐயோ' என்ற இரக்கம் எழுமாயின், எம்பெருமானோடு அவனுக்குச் சம்பந்தம் உண்டு. 'இவனுக்கு இது வேண்டியதே' என்று தோன்றுமாயின், அச்சம்பந்தம் இல்லை என்று தானே அறிந்துகொள்ளலாம். இதன்படி நோக்கின், பேரிடர் என்பது துன்புற்றவரின் பாவத்தை அளக்கும் கோலன்று; அதைப் பார்த்து நிற்பவரின் பக்தியை அளக்கும் கோலாகும்.

தெய்வச் செயலும் மனிதச் செயலும்

காற்றும் நீரும் உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்று பார்ப்பதில்லை என்பர். அது முழு உண்மையன்று. மாடி வீட்டின் மேல் வீசும் காற்றே குடிசை மேலும் வீசுகிறது; பறந்துபோவது குடிசை. ஆற்றங்கரையின் தாழ்ந்த பகுதியில் குடியிருப்போர் அவ்விடத்தை விரும்பித் தேர்ந்தவரல்லர், வேறிடம் கிடைக்காதவர். இடர் தெய்வச் செயலாயினும், அதனால் யார் எவ்வளவு அழிகிறார்கள் என்பதில் மனிதச் செயலும் கலந்திருக்கிறது.

தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் நம்மிடையே பல. 1876-ஆம் ஆண்டு தொடங்கிய அப்பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். அன்றைய ஆட்சி நிவாரண முகாம்களில் கடுமையாக வேலை வாங்கி, நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு கூலியுமே போதும் என்று வரையறுத்தது. நாட்டில் பட்டினி நிலவிய அந்நாட்களிலும் இந்தியாவிலிருந்து தானியம் கடல் கடந்து சென்றுகொண்டிருந்தது. மழை பொய்த்தது தெய்வச் செயல். தானியம் கப்பலேறியது மனிதச் செயல்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி சுமத்திரா தீவருகே கடலடியில் நிலம் நடுங்கியது காலை ஆறரை மணியளவில். ஆழிப்பேரலை தமிழகக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. அவ்விரண்டு மணி நேரமும் கரையில் இருந்தோர்க்கு ஒரு வார்த்தை சொல்வார் இல்லை. குழந்தைகள் மணலில் விளையாடிக்கொண்டிருந்தனர். பெண்கள் மீன் வாங்கக் கரைக்கு வந்திருந்தனர். தமிழ்நாட்டில் எண்ணாயிரம் பேர் அளவில் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். 2007-ஆம் ஆண்டில்தான் ஹைதராபாதில் இதற்கென எச்சரிக்கை நிலையம் அமைந்தது.

அழிவு அலையோடு முடிவதில்லை. உப்புநீர் புகுந்த வயல்கள் சில பருவங்களுக்குப் பயிரிட உதவாமற் போயின. குடிநீர்க் கிணறுகள் கெட்டன. கட்டுமரமும் வலையும் இழந்தோர் கூலிக்கு அலைந்தனர். கடலைவிட்டுத் தொலைவில் வீடு பெற்றோர்க்குத் தொழில் தூரமாயிற்று. ஆண்டாண்டாகக் கடலைத் தாயென்று வணங்கியவர் அதன் ஓசை கேட்டு இரவில் திடுக்கிட்டு விழித்தனர். பிழைத்தவர் நெஞ்சில், "நான் மட்டும் ஏன் பிழைத்தேன்?" என்னும் வினா ஆறாப் புண்ணாயிற்று. உணவும் உடையும் வழங்குமிடத்தில் குலம் கேட்டு விலக்கிய கொடுமையும் சில இடங்களில் நேர்ந்தது. அதே சமயத்தில், உள்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து முன்பின் அறியாதார் சோறு சமைத்துக் கரைக்குக் கொணர்ந்ததும் நேர்ந்தது. ஒரே பேரிடர் மனிதனின் இரு முகங்களையும் காட்டிவிட்டது.

இனி, ஜகந்நாதன் எழுந்தருளியுள்ள ஒடிசாக் கரையை நோக்குக. 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி வீசிய பெரும்புயலில் அங்கே பத்தாயிரம் பேர் அளவில் மாண்டனர். அதன்பின் அம்மாநிலத்தார் கடலோரமெங்கும் புகலிடக் கட்டடங்கள் எழுப்பினர். ஊர்தோறும் இளைஞரைப் பழக்கினர். எச்சரிக்கை சென்று சேரும் வழிகளைச் செம்மைப்படுத்தினர். 2013-இல் பைலின் புயல் வந்தபோது பத்து லட்சம் பேர் அளவில் முன்னதாகவே அகற்றப்பட்டனர். மாண்டோர் சில பதின்மரே. 2019 மே மாதம் 3-ஆம் தேதி பூரி க்ஷேத்திரத்தின் அருகே ஃபானி புயல் கரை கடந்தது. 12 லட்சம் பேர் அதற்கு முன்பே பாதுகாப்பான இடங்களில் இருந்தனர். மாண்டோர் 64 பேர். கடல் அதே கடல். காற்று அதே காற்று. ஜகந்நாதனும் அதே ஜகந்நாதன். 1999-இல் பாவிகளாயிருந்தவர் 2019-இல் புண்ணியசாலிகளாகிவிட்டனர் என்று எவரேனும் சொல்லத் துணிவரோ? மனிதர் தம் கடமையைச் செய்தனர், உயிர்கள் பிழைத்தன.

ஏரி காத்த பெருமாள்

"அங்ஙனமாயின் பெருமாள் காப்பது என்பது யாது?" என்று கேட்கலாம். மதுராந்தகத்து எம்பெருமான் இதற்கு விடை தருகிறான். பெரிய நம்பிகள் எம்பெருமானாருக்குப் பஞ்ச சம்ஸ்காரம் செய்தருளிய திருத்தலம் அது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டுப் பகுதிக்குக் கலெக்டராயிருந்த லியோனல் பிளேஸ் துரை, அடிக்கடி உடைப்பெடுத்த அவ்வூர் ஏரிக்கரையைப் பழுது பார்ப்பதில் ஊக்கம் கொண்டார். மறுபடியும் பெருமழை பிடித்தது. கரை நிலைத்தால் தாயார் சந்நிதியைக் கட்டித் தருவதாக அவர் சொல்லியிருந்தார். நள்ளிரவில் கரையைப் பார்க்கச் சென்றவர், வில்லேந்திய வீரர் இருவர் கரைமேல் உலாவிக் காவல் புரியக் கண்டார் என்றும், கரை உடையாது நின்றது என்றும் ஐதிஹ்யம். ஜநகவல்லித் தாயார் சந்நிதியில் அத்துரையின் தர்மத்தைக் குறிக்கும் கல்வெட்டு இன்றும் உள்ளது.

இக்கதையை அடியார் பலமுறை கேட்டிருப்பர். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெருமாள் காத்தது ஏரிக்கரையை. அக்கரையைக் கட்டியவர் மனிதர். மண் சுமந்து பழுது பார்த்தவர் மனிதர். கொட்டும் மழையில் நள்ளிரவில் குடையோடு சென்று பார்த்தவரும் மனிதரே. கரையே இல்லாத இடத்தில் ராமனும் இளையபெருமாளும் எதன்மேல் நின்று காவல் புரிவர்? குடிமராமத்து என்று ஊர் கூடி ஏரியைச் செப்பனிட்ட காலத்தில் அதுவும் ஒரு கைங்கர்யமாகவே கருதப்பட்டது. கால்வாயை அடைத்து வீடு கட்டிவிட்டு, வெள்ளம் வந்தபின் "பெருமாள் கைவிட்டார்" என்பது பெருமாளைப் பழிப்பதேயன்றி வேறில்லை.

அவதாரங்களும் இதையே உணர்த்துகின்றன. பிரளயம் வருமுன் மத்ஸ்ய மூர்த்தி ஸத்யவ்ரத ராஜனிடம், இன்றைக்கு ஏழாம் நாள் உலகம் நீரில் மூழ்கும் என்று அறிவித்தான். விதைகளையும் ஓஷதிகளையும் சேர்த்துக்கொண்டு, ஸப்தரிஷிகளோடு தோணியில் ஏறுமாறு கட்டளையிட்டான். எச்சரிக்கை முதலில் வந்தது. ஆயத்தம் அடுத்து வந்தது. ரட்சணம் அதன்பின் வந்தது. கோவர்த்தனத்தைக் கண்ணன் குடையாகப் பிடித்த ஏழு நாளும், அதன்கீழ் ஆயர் மட்டுமன்றிப் பசுக்களும் கன்றுகளும் ஒதுங்கின. உள்ளே வருவோரின் குலத்தையோ குற்றத்தையோ விசாரிக்க அங்கே வாயிற்காவலன் இல்லை.

விபீஷணன் நின்ற கரை

முடிவாகத் தனுஷ்கோடிக் கரைக்கே மீள வேண்டும். கல்லைக் காத்த கை கைக்குழந்தையைக் காவாதது ஏன்? இதற்கு இன்னது காரணம் என்று உரைக்கும் கண் மனிதனுக்கு அருளப்படவில்லை. அத்ருஷ்டம் அத்ருஷ்டமாகவே இருக்கிறது. குழந்தையை இழந்த தாய்க்குத் தத்துவம் சொல்வதைவிட அவள் அருகே மௌனமாக உட்கார்ந்திருப்பது உயர்ந்த ஞானமாகும். எனினும் எஞ்சி நிற்கும் அக்கோயில் எதை நினைவூட்டி நிற்கிறது என்று மட்டும் கேட்கலாம். அதற்கு விடை உண்டு.

அக்கடற்கரையில்தான் விபீஷணன் வந்து நின்றான். இலங்கையைத் துறந்து, மனைவி மக்களை விட்டு, வீடு வாசல் இழந்து வந்தவன் அவன். சுக்ரீவன் முதலானோர் அவனை ஐயுற்றனர். எவன் தம்பி, எங்கிருந்து வந்தான், என்ன குற்றம் மறைத்து வைத்திருக்கிறான் என்று விசாரிக்க வேண்டும் என்றனர். கொன்றுவிடலாம் என்று கூடச் சொன்னான் சுக்ரீவன். பெருமாள் என்ன திருவுள்ளம் பற்றினான்? வந்தவனிடம் குற்றமே இருக்கட்டும், கைவிடேன் என்றான். தன் பேடையைப் பிடித்த வேடனுக்கும் தன் உடலையே உணவாக அளித்த புறாவின் கதையை எடுத்துக்காட்டினான். வந்தவன் விபீஷணனேயாகுக, அன்றி ராவணன் தானேயாகுக, அபயம் அளித்தாயிற்று, அழைத்து வா என்று சுக்ரீவனையே அனுப்பினான்.

ஆகவே, "இவன் செய்த பாவம் என்ன?" என்ற கேள்வி அந்தக் கரையில் ஒருமுறை கேட்கப்பட்டுவிட்டது. கேட்டவன் சுக்ரீவன். அக்கேள்வியை ஏற்காமல் அபயம் தந்தவன் ராமன். வெள்ளத்திலும் புயலிலும் வீடிழந்து வாயிலில் வந்து நிற்பவரை நோக்கும்போது, அடியார் ஒவ்வொருவரும் சுக்ரீவன் கேள்வியைக் கேட்பதா, ராமன் விடையைச் சொல்வதா என்பதைத் தாமே தெரிந்துகொள்ள வேண்டும்.

உற்சவத்தின் போது பிரசாதம் பெறக் கைநீட்டுவோரின் ஊரையும் பேரையும் எவரும் கேட்பதில்லை. அவ்வழக்கம் உற்சவம் முடிந்தபின்னும் தொடருமாயின், மழை பெருகும் நாளில் உயர்ந்த மண்டபங்களின் கதவு திறந்திருக்கும். மடைப்பள்ளி அடுப்பு அணையாதிருக்கும். ஏரிக்கரையை ஊர் கூடிக் காக்கும். துன்புற்றவரைக் கண்ட நெஞ்சு 'ஐயோ' என்று உருகும். அந்நெஞ்சங்களே எம்பெருமான் உகந்து எழுந்தருளும் சந்நிதிகள். அத்தகைய நெஞ்சை அடியார் அனைவருக்கும் அவனே தந்தருள்வானாக.

சுபம்